உஷார் ஆண்களே… மார்பகப் புற்றுநோய் உங்களுக்கும் வரும்!

ஐயா, அண்ணே, தம்பி… தலைப்பைப் பார்த்துவிட்டு ‘இது நம்ம வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டியது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வருகிறது. அப்படி வரும் என்பதே பல ஆண்களுக்குத் தெரியாது. அதனால், கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில்தான் நோய் முற்றுகிறது.

2019ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மேத்யூ நோல்ஸ் என்பவர், பாப் பாடகி பியான்சேயின் தந்தை, தன் டி-ஷர்ட்டில் சிவப்பாக ஒரு சின்னப் புள்ளியைக் கவனித்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அதே இடத்தில் அதே புள்ளி. படுக்கை விரிப்பிலும் ரத்தப் புள்ளிகள் இருப்பதை மனைவி சொன்னார். மார்புக் காம்பை லேசாக அழுத்திப் பார்த்தார், ரத்தம் கசிந்தது. உடனே மருத்துவரிடம் போனார். மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூலையில் அறுவை சிகிச்சை. அக்டோபரில் தொலைக்காட்சியில் தோன்றி, எதையும் மறைக்காமல் சொன்னார். அப்போது அவருக்கு வயது 67.

அவர் ஏன் உடனே ஓடினார் தெரியுமா? இசைத்துறைக்கு வருவதற்கு முன்பு அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் கருவிகளை விற்றவர். காம்பிலிருந்து ரத்தம் வந்தால் அதற்கு என்ன பொருள் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா வழி உறவில் இந்த நோயால் இறந்தவர்கள் இருந்ததும் தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் அவரை ஆரம்ப நிலையிலேயே மருத்துவமனைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

இதே புள்ளி நம் பனியனில் தெரிந்தால் என்ன செய்வோம்? ‘வெயில் சூடு’ என்போம். ‘வேனல் கட்டி உடைஞ்சிருக்கும்’ என்போம். மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

ஆணுக்கு ஏது மார்பகம்?

இந்தக் கேள்விதான் எல்லாத் தாமதத்துக்கும் வேர். பருவ வயது வரும்வரை ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் மார்புத் திசுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் பெண்ணின் மார்பகம் வளர்கிறது. ஆணிடம் அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறதே தவிர, திசு காணாமல் போவதில்லை. காம்புக்கு நேர் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசுவும் மெல்லிய நாளங்களும் ஒவ்வோர் ஆணுக்கும் ஆயுள் முழுக்க இருக்கின்றன. செல்கள் இருக்கும் இடத்தில் புற்றுநோயும் வரலாம். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் மிகப் பெரும்பகுதி இந்த நாளங்களில் தொடங்குவதுதான்.

எண்ணிக்கையில் இது அரிய நோய். மார்பகப் புற்றுநோயாளிகளில் 100 பேரை எடுத்தால் அதில் ஏறக்குறைய ஒருவர் ஆண். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,800 ஆண்களுக்கு இது கண்டுபிடிக்கப்படுகிறது. ஏறக்குறைய 500 பேர் இறக்கிறார்கள். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்தவர்களும் உண்டு. ‘நூற்றில் ஒருத்தர்தானே’ என்று ஆறுதல் அடைய வேண்டாம். அந்த ஒருவருக்கு அது முழுசாக வரும் நோய்.

உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள்

பெண்களுக்கு இன்று விழிப்புணர்வு முகாம் இருக்கிறது. அக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன் இருக்கிறது. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய அரசுத் திட்டம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம் பெண்களில் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள். அது தனிக் கவலை.

ஆண்களுக்கு? சர்க்கரை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்வார்கள். மார்பை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. எல்லா ஆண்களுக்கும் மேமோகிராம் எடுக்கும் திட்டம் உலகில் எங்கும் நடைமுறையில் இல்லை. அதில் தவறும் இல்லை. இவ்வளவு அரிதான நோய்க்காகக் கோடிக்கணக்கான ஆண்களைச் சோதித்தால் பலனைவிட வீண் பயமும், வீணாகச் சதை எடுத்துப் பரிசோதிப்பதும்தான் அதிகமாகும்.

ஆனால் அதன் விளைவைப் புரிந்துகொள்ளுங்கள். ஓர் ஆணின் மார்பகப் புற்றுநோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான், அல்லது அவர் வீட்டில் உள்ளவர்தான். உங்கள் கையைத் தவிர இதற்கு வேறு காவல் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணின் மார்பில் திசு கொஞ்சம்தான். அதனால் கட்டி கைக்குச் சீக்கிரம் தட்டுப்படும். இது நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னவென்றால், அந்தக் கட்டிக்கு முன்னால் தோல், பின்னால் நெஞ்சுத் தசை, பக்கத்திலேயே காம்பு. கொஞ்சம் வளர்ந்தாலே இவற்றைத் தொட்டுவிடும். அங்கிருந்து அக்குளில் உள்ள நெறிகளுக்குப் போய்விடும். ஆண்கள் தாமதமாக வருவதால்தான், பெண்களைவிட முற்றிய நிலையில் இவர்களிடம் நோய் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளம்புங்கள்

* காம்புக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் கெட்டியான கட்டி. பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது.

* காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, அல்லது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வது.

* காம்பிலிருந்து ரத்தமோ வேறு நீரோ கசிவது. பால் சுரக்காத ஆணின் மார்பில் எந்தக் கசிவும் இயல்பானதில்லை.

* காம்பிலோ அதைச் சுற்றியோ ஆறாத புண், செதில் உதிர்வது, தோல் சிவந்து தடிப்பது.

* மார்புத் தோலில் குழி விழுவது, சுருங்குவது, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிந்து தெரிவது.

* அக்குளில் நெறி கட்டி, நாளாகியும் கரையாமல் இருப்பது.

இவற்றில் எது தெரிந்தாலும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விடக் கூடாது. ஒரு வாரத்துக்குள் மருத்துவர் கை உங்கள் மார்பில் பட்டிருக்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோயா?

இல்லை. ஆண்களின் மார்பில் வரும் வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. இதைச் சொல்லாமல் பயமுறுத்தினால் அது அநியாயம்.

பருவ வயதுப் பையன்களுக்கும், வயதான ஆண்களுக்கும், ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் மார்பு சற்றுப் புடைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. இதை மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். சில மாத்திரைகளாலும் இது வரும்: இதயம், கல்லீரல் நோயாளிகளுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு போன்றவை. ஜிம்மில் உடம்பை ஏற்ற எடுக்கும் ஸ்டீராய்டு ஊசிகளாலும் வரும். வெறும் கொழுப்புக் கட்டியும் மார்பில் வருவதுண்டு.

கைனகோமாஸ்டியா பெரும்பாலும் காம்புக்கு நேர் பின்னால் வட்டமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்கும். தொட்டால் வலிக்கும். பல நேரம் இரண்டு பக்கமும் இருக்கும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஒரே பக்கத்தில், காம்பின் மையத்திலிருந்து சற்று விலகி, கல் மாதிரி கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைச் சொல்வது நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வதற்காக இல்லை. மெத்தென்று இருக்கும் புற்றுநோயும் உண்டு. வலிக்கும் புற்றுநோயும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. அவரிடம் போவது மட்டும்தான் உங்கள் வேலை.

பெற்றோருக்கும் ஒன்று: மார்பு சற்றுப் புடைத்திருக்கும் பையனை ‘என்னடா பொம்பளப்புள்ள மாதிரி’ என்று யாரையும் கிண்டல் செய்ய விடாதீர்கள். அந்த அவமானம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பள்ளியில் சட்டையைக் கழற்றக் கூசிய பையன்தான், 60 வயதில் மருத்துவர் முன்னால் சட்டையைக் கழற்றக் கூசுகிறான்.

அம்மாவுக்கு வந்ததா? மகனே, கவனி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு, அக்காவுக்கு, சித்திக்கு, அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் நம் வீடுகளில் உடனே மகள்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். ‘பொண்ணுக்கு வந்துடுமோ’ என்கிறோம். பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு மரபணுக்கள் நம் எல்லோர் உடம்பிலும் உள்ளன. சேதமடைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது இவற்றின் வேலை. இவற்றில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் பழுது சரியாகாமல், புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. 2013இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தனக்கு பிஆர்சிஏ1 கோளாறு இருப்பது தெரிந்து, நோய் வருவதற்கு முன்பே மார்பகங்களை நீக்கிக்கொண்டது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆண்களைப் பொறுத்தவரை அதிகம் பயப்பட வேண்டியது பிஆர்சிஏ2. சாதாரணமாக ஆயிரம் ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும். பிஆர்சிஏ2 கோளாறு உள்ள ஆண்களில் 100 பேரில் சுமார் ஏழு பேருக்கு வரலாம். மேத்யூ நோல்ஸுக்கு இருந்ததும் இதே பிஆர்சிஏ2 கோளாறுதான். இதே கோளாறு புராஸ்டேட் புற்றுநோய்க்கும் கணையப் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்தக் கோளாறு தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியில் நோய் வந்த அத்தை, பாட்டி எல்லாம் கணக்கில் வர வேண்டும். ‘அது அப்பா பக்கத்துச் சொந்தம்தானே’ என்று தள்ளிவிடக் கூடாது.

இதைத் திருப்பியும் பாருங்கள். ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் அது அவரோடு முடிவதில்லை. அவர் மகளுக்கும், தங்கைக்கும், தங்கை மகளுக்கும் அது எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய் வந்த எந்த ஆணுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்கப்பட்டுக்கொண்டு நோயை மறைக்கும் அப்பா, தன் மகளிடமிருந்தும் அந்த எச்சரிக்கையை மறைக்கிறார்.

எனவே உட்கார்ந்து குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அம்மா வழி தனி, அப்பா வழி தனி. மார்பகம், சினைப்பை, புராஸ்டேட், கணையம் இந்த நான்கில் எதுவாவது குடும்பத்தில் அடிக்கடி வந்திருந்தால், அல்லது 50 வயதுக்குள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். ரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்துவிடலாம்.

இவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள். கல்லீரல் கெட்டால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் கூடி, ஆண் ஹார்மோன் குறையும். பல ஆண்டு குடி அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. உடல் பருமனும் அப்படியே. கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். தொப்பை வெறும் தொப்பையாக மட்டும் இருப்பதில்லை.

க்ளைன்ஃபெல்டர் என்ற பிறவி நிலை உள்ளவர்கள். ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் இவர்களுக்கு இன்னொரு எக்ஸ் கூடுதலாக இருக்கும். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் தெரியவரும். இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம்.

விரை இறங்காமல் பிறந்தவர்கள், விரையில் கடுமையான அழற்சி வந்தவர்கள், விரை அகற்றப்பட்டவர்கள், வேறு நோய்க்காக மார்பில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுத்தவர்கள் எல்லோருமே இந்தப் பட்டியலில் வருவார்கள்.

சுற்றுச்சூழலும் சந்தேகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கேம்ப் லெஜூன் என்ற கடற்படைக் காலாட்படை முகாம். அங்கே 1953 முதல் 1987 வரை குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்ற நச்சு ரசாயனங்கள் கலந்திருந்தன. அந்த முகாமில் பிறந்த ஒருவரை 2007இல் அவர் மனைவி கட்டிப்பிடித்தபோது, மார்பில் ஏதோ புடைப்பு கையில் தட்டுப்பட்டது. 39 வயதில் மார்பகப் புற்றுநோய். அவர் தேடத் தொடங்கியதும், அதே முகாமோடு தொடர்புள்ள, இதே நோய் வந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். அந்த நீரால் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர 2022இல் அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. அந்த மனைவியின் கை அன்று அங்கே படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

இந்த எந்த வகையிலும் சேராத, குடிக்காத, ஒல்லியான ஆண்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. ‘நான் இந்தப் பட்டியலில் இல்லை’ என்பது பாதுகாப்புப் பத்திரம் ஆகாது.

மாதம் ஒரு முறை, குளிக்கும்போது

இதற்குத் தனி நேரம் வேண்டாம். காசு வேண்டாம். சோப்பு போட்ட கை போதும். வழுக்கும் கைக்குக் கட்டி நன்றாகத் தெரியும்.

முதலில் கண்ணாடி முன் சட்டையில்லாமல் நில்லுங்கள். இரண்டு காம்பும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? ஒன்று உள்ளே போயிருக்கிறதா? தோலில் குழி, தடிப்பு, நிறமாற்றம் உண்டா? கைகளைத் தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றியும் பாருங்கள்.

பிறகு குளிக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வலது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, விரல் நுனியால் குத்தாமல், நுனிக்குக் கீழே உள்ள சதைப் பகுதியால், காம்பைச் சுற்றிச் சிறு வட்டமாகத் தடவுங்கள். முதலில் மேலாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டுப்படும் வரை. காம்புக்கு நேர் பின்னால் தவறாமல் பாருங்கள். கழுத்தெலும்புக்குக் கீழிருந்து அக்குள்வரை கை போக வேண்டும். கடைசியாகக் காம்பை மெதுவாக அழுத்தி, கசிவு வருகிறதா என்று பாருங்கள். பிறகு மறுபக்கம். அவ்வளவுதான்.

முதல் தடவை எது எப்படி இருக்கிறது என்றே புரியாது. இரண்டு மூன்று மாதம் பார்த்தால் உங்கள் மார்பின் இயல்பு கைக்குப் பழகிவிடும். புதிதாக ஏதாவது வந்தால் கை தானாகவே அங்கே நிற்கும்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்?

யாரைப் பார்ப்பது என்பதிலேயே பலர் குழம்பி நாளைக் கடத்துகிறார்கள். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். பொது அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கலாம். அருகில் புற்றுநோய் மருத்துவமனை இருந்தால் நேரே போகலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால், தமிழகத்தில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மருத்துவர் கையால் பார்ப்பார். பிறகு மேமோகிராம், அல்ட்ராசவுண்டு. பெண்களுக்கு எடுக்கும் அதே மேமோகிராம் கருவிதான் ஆண்களுக்கும். அந்த அறை வாசலில் பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஒருவர்தான் ஆணாக இருப்பீர்கள். அந்தக் கூச்சம் இயல்பு. அதற்காக எழுந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மனைவியையோ மகளையோ அழைத்துச் செல்லுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஊசி மூலம் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதுதான் பயாப்ஸி. ‘கட்டியில ஊசி குத்தினா, கத்தி வெச்சா புற்று பரவிடும்’ என்ற பேச்சை நம்பிப் பயாப்ஸிக்குப் பயந்து ஓடிப்போகாதீர்கள். புற்று பரவுவது, அதை உள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருப்பதால்தான். உறுதியாக என்ன நோய் என்று சொல்வது பயாப்ஸி மட்டும்தான்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. ‘சின்னக் கட்டிதானே, மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துடலாம்’ என்று, எந்தச் சோதனையும் செய்யாமல் யாராவது வெட்டி எடுக்க முன்வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருந்தது புற்றுநோய் என்றால், விளிம்பு விட்டு முறையாக எடுத்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை பாழாகிவிடும். உடம்பிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை இருக்கிறது, பலனும் இருக்கிறது

பயமுறுத்தவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் வந்தவர்களுக்கு நல்ல செய்தி நிறைய இருக்கிறது.

பெரும்பாலும் கட்டி இருக்கும் பக்கத்து மார்பகத் திசுவைக் காம்போடு அகற்றுவார்கள். அக்குள் நெறிகளில் நோய் போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள். தேவைக்கேற்பக் கதிர்வீச்சு, கீமோதெரபி. ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது, ஹார்மோனைத் தீனியாக வைத்து வளர்வது. அந்தத் தீனியைத் தடுக்க டமாக்ஸிஃபென் மாத்திரை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு சாப்பிட வேண்டும். உடம்பு திடீரென்று அனலாகக் கொதிப்பது, எடை கூடுவது, தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற தொல்லைகள் வரலாம். அபூர்வமாக ரத்தம் உறைந்து கட்டியாவதும் உண்டு. இவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் ஆண்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள்; மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

நோய் மார்போடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் 100க்கு 90க்கும் மேல். எலும்பு, நுரையீரல் என்று தொலைவுக்குப் பரவிய பிறகு வந்தால் அது 100க்கு சுமார் 20. ஒரே நோய், ஒரே மனிதர், நடுவில் நிற்பது தாமதம் ஒன்றுதான்.

‘ஷாஃப்ட்’ என்ற அமெரிக்கப் படத்தில் நாயகனாக நடித்த ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீக்கு 1993இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு 30 ஆண்டுகள் வாழ்ந்தார், நடித்தார், ஆண்களுக்கும் இது வரும் என்று மேடைகளில் பேசினார். மக்கள் வாக்கில் வென்று அமெரிக்க செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் எட்வர்ட் புரூக். 2002இல், 80 வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு இந்த நோய் தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2015இல் இறக்கும்போது அவருக்கு வயது 95. ‘இந்த வயசுல போய் எதுக்கு ஆபரேஷன்’ என்று தாத்தாக்களை வீட்டில் படுக்கவைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரிலும் வழி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். பணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதற்கு முன்பு, காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அம்மா, அக்கா, தங்கச்சி… உங்களுக்கும் ஒரு வார்த்தை

வீட்டு ஆண்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பனியன் துவைக்கும்போது நெஞ்சுப் பக்கத்தில் மாறாமல் ஒரே இடத்தில் கறை தெரிந்தால், அடித்துத் துவைத்துக் கொடியில் போடுவதற்கு முன் கேளுங்கள். முதுகு தேய்த்துவிடும்போது, எண்ணெய் வைக்கும்போது அப்பாவின் காம்பு உள்ளே போயிருப்பது தெரிந்தால் சும்மா விடாதீர்கள். ‘ஒண்ணுமில்லை, அடி பட்டிருக்கும்’ என்று அவர் சொல்வார். என்ன அடி, எப்போது பட்டது என்று கேளுங்கள். பதில் வராது. கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

கிராமத்துச் செவிலியர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள், ஜிம் பயிற்சியாளர்கள், முடிதிருத்துபவர்கள் எல்லோருக்கும் இதே வேண்டுகோள். ‘மார்ல கட்டி, ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க’ என்று ஓர் ஆண் கேட்டால், ஆயின்மென்ட் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசியாக, ஆண்களே. நாளைக் காலை குளிக்கும்போது பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடி பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டாம். இணையத்தில் தேட வேண்டாம். பற்று, ஒத்தடம், நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். பொங்கல் முடியட்டும், அறுவடை முடியட்டும், பெண் கல்யாணம் முடியட்டும் என்று தவணை சொல்லவும் வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பத்து பேர் போனால் ஒன்பது பேருக்கும் மேல் ‘புற்றுநோய் இல்லை’ என்ற பதிலோடு சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். மிச்சமுள்ளவர் சீக்கிரமே சிகிச்சைக்குப் போனால், பிழைத்து வர நல்ல வாய்ப்பு உண்டு. போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எந்த உத்தரவாதமும் இல்லை.